எதிர்பார்ப்போடு பார்த்த படத்தைப் பற்றி நாம் சொல்லும் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: நண்பர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய படத்துக்குப் போனேன், சப்பென்று இருந்தது, ஊரே கழுவி ஊற்றிய இன்னொரு படத்தை ஆறு மாதம் கழித்து ஓடிடியில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. என் ரசனையில் கோளாறா, இல்லை எல்லாம் எதிர்பார்ப்பு செய்கிற வேலையா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதிர்பார்ப்பு நம் அனுபவத்தையே மாற்றுகிறதா என்பது ஒன்று. மாற்றுகிறது என்றால், நாம் சொல்லும் தீர்ப்பில் எது படத்தைப் பற்றியது, எது நாம் மனதில் கொண்டுபோனதைப் பற்றியது என்று பிரிக்க முடியுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே பதில் சொல்கின்றன. இரண்டாவதற்கு ஆய்விலிருந்து கிடைப்பது பாதிதான். மீதி, திரைப்பட ரசனை வகுப்புகளிலும் படத்தொகுப்பு மேசையிலும் பழகிப் பழகிக் கண்டுகொண்டது. எது எந்த வகை என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். 2006இல் லியோனார்ட் லீயும் இரண்டு சகாக்களும் அமெரிக்காவில் ஒரு பீர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு கோப்பையில் சாதாரண பீர், இன்னொன்றில் அதே பீரில் சில சொட்டு பால்சமிக் வினிகர். எதுவும் சொல்லாமல் கொடுத்தபோது பாதிக்கும் மேற்பட்டோர் வினிகர் கலந்ததையே விரும்பினார்கள். குடிப்பதற்கு முன்பே வினிகர் விஷயத்தைச் சொன்னபோது அந்த விருப்பம் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. ஆய்வின் அழகு மூன்றாவது குழுவில் இருக்கிறது. அவர்களுக்குக் குடித்து முடித்த பிறகு சொன்னார்கள். அவர்கள் விருப்பம் ஒன்றும் சொல்லப்படாதவர்களின் விருப்பத்துக்கு அருகிலேயே நின்றது. தகவல் ஒன்றுதான், அது வந்த நேரம்தான் வேறு. முன்னால் வந்த தகவல் நாக்கில் உணர்ந்த ருசியையே மாற்றியது. பின்னால் வந்த தகவலால் பெரிதாக எதையும் மாற்ற முடியவில்லை. 2008இல் ஹில்கே பிளாஸ்மன் குழுவினர் 20 பேரை வைத்துச் செய்த ஒயின் ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது. ஒரே ஒயினுக்கு ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் விலை சொன்னார்கள். விலை கூடச் சொன்னபோது அதிகம் பிடித்தது என்று அவர்கள் வாயால் சொன்னதோடு, மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியின் செயல்பாடும் கூடியது. ஆக, எதிர்பார்ப்பு பாதித்தது என்றால் நாம் பொய் சொல்கிறோம் என்று பொருளில்லை. உண்மையாகவே அப்படித்தான் அனுபவிக்கிறோம்.

ஆனால் எந்தத் திசையில் பாதிக்கிறது என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. ‘எதிர்பார்ப்பு கூடினால் ஏமாற்றம், குறைந்தால் திருப்தி’ என்பது நம் ஊரில் கிட்டத்தட்ட பழமொழியாகிவிட்டது. மேலே சொன்ன ஆய்வுகள் இதற்கு நேர்மாறாகக் காட்டுகின்றன: உயர்ந்த எதிர்பார்ப்பு அனுபவத்தைத் தன் பக்கம் இழுத்து உயர்த்துகிறது. 1973இல் ரோல்ஃப் ஆண்டர்சன் பால்பாயின்ட் பேனாக்களை வைத்துச் செய்த சோதனை இரண்டையும் இணைத்துப் பார்க்க உதவுகிறது. விளம்பரத்தில் பேனாவைப் புகழப் புகழ, பயன்படுத்தியவர்கள் தந்த மதிப்பீடும் ஒரு எல்லைவரை ஏறியது. புகழ்ச்சி மட்டுமீறியபோது இறங்கத் தொடங்கியது. இடைவெளி சிறிதாக இருந்தால் மனம் அதை நிரப்பிக்கொள்கிறது. மூடி மறைக்க முடியாத அளவுக்குப் பெரிதானால் மறுபக்கம் தூக்கி எறிகிறது. இந்த இரண்டில் முதலாவது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கிடைத்தது. இரண்டாவது அந்த அளவுக்கு உறுதியானதல்ல, சில ஆய்வுகளில் கிடைக்கிறது, சிலவற்றில் கிடைப்பதில்லை. உங்கள் நண்பர்களுக்கு அந்தப் படம் பிடித்ததிலும் எதிர்பார்ப்புக்குப் பங்கு இருந்திருக்கலாம் என்பதை இங்கே கவனியுங்கள். ஏமாந்தவன் மட்டும்தான் எதிர்பார்ப்பால் பாதிக்கப்பட்டவன் என்று கணக்குப் போடக்கூடாது.

அடுத்து, படத்தின் எல்லாப் பகுதிகளும் இதற்கு ஒரே மாதிரி வளைந்துகொடுப்பதில்லை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பயன்படும் செய்தியாகத் தோன்றுவது இதுதான். 1986இல் ஸ்டீவன் ஹோக், யங்-வொன் ஹா இருவரும் காகிதத் துவாலையையும் போலோ சட்டையையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். துவாலை தண்ணீரை உறிஞ்சுகிறதா இல்லையா என்பது கண்முன் தெரிந்துவிடும். அங்கே விளம்பரம் எடுபடவில்லை. சட்டையின் தரம் அப்படிப் பட்டென்று தெரியாது. அங்கே விளம்பரம் சொன்னதையே கண்ணும் பார்த்தது. சான்று மங்கலாக இருக்கும் இடத்தில்தான் எதிர்பார்ப்பு புகுந்து விளையாடும். படத்துக்குப் பொருத்திப் பாருங்கள். வசனம் காதில் விழவில்லை, பின்னணி இசை குரலை அமுக்குகிறது, உதடு ஒன்று பேசக் குரல் வேறொன்று சொல்கிறது, பகலில் கிளம்பிய கார் அடுத்த ஷாட்டில் மாலை வெளிச்சத்தில் போகிறது - இதெல்லாம் துவாலை வகை. யார் எந்த மனநிலையில் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே தீர்ப்புதான் வரும். ‘படத்தில் ஆழம் இல்லை’, ‘நடிப்பு மிகை’, ‘எமோஷன் கனெக்ட் ஆகவில்லை’, எல்லாவற்றுக்கும் மேலாக ‘லேக்’ - இதெல்லாம் சட்டை வகை. லேக் என்பது காட்சியின் நீளத்தை மட்டும் பொறுத்ததில்லை. நான்கு நிமிடக் காட்சி ஒன்றில் நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்களோ அது அந்தக் காட்சிக்குள் இருந்தால் நேரம் போவது தெரியாது. சண்டைக்காகக் காத்திருப்பவருக்கு அதே நான்கு நிமிடம் பத்தாகத் தெரியும். ஆகவே ஒரு விமர்சனம் முழுக்க லேக் பற்றியே பேசினால் அந்த விமர்சகர் எதற்காகப் போனார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி ‘எவ்வளவு நன்றாக இருக்கும்’ என்ற எதிர்பார்ப்பை ‘எப்படிப்பட்ட படம்’ என்ற எதிர்பார்ப்பிலிருந்து பிரித்துக்கொள்ள வேண்டும். இதுவரை பேசியது முன்னதைப் பற்றி. என் கணிப்பில் அதிகச் சேதம் செய்வது பின்னதுதான். பாயசம் என்று நினைத்து ஒரு வாய் மோர் குடித்தால், அது எவ்வளவு நல்ல மோராக இருந்தாலும் முகம் சுளிக்கும். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் 1978 முதல், முதல் நாள் படம் பார்த்து வெளியே வருபவர்களிடமே மதிப்பெண் வாங்கி ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் போடுகிறது. எஃப் வாங்கிய படங்களில் 2002இன் ‘சொலாரிஸ்’, 2017இன் ‘மதர்!’ போன்றவையும் உண்டு. இரண்டிலும் ஊரறிந்த நட்சத்திரங்கள், தேர்ந்த இயக்குநர்கள். விமர்சகர்களில் பலர் பாராட்டவும் செய்தார்கள். வெளியே வந்தவர்கள் போட்ட எஃப் பெரும்பாலும் ‘நான் டிக்கெட் வாங்கியது இதற்கில்லை’ என்ற புகார். 2011இல் ‘டிரைவ்’ வெளியானபோது மிச்சிகன் மாநிலத்துப் பெண்ணொருவர், டிரெய்லர் கார் துரத்தல் படம் போலக் காட்டி ஏமாற்றிவிட்டது என்று வழக்கே போட்டார். பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கிய அந்தப் படத்துக்கு சினிமாஸ்கோர் தரம் சி மைனஸ்.

நம் பக்கத்தில் இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ‘அன்பே சிவம்’. 2003 பொங்கலுக்கு வந்து வணிகரீதியாகத் தோற்ற படம். அதற்கு முந்தைய ஆண்டு, 2002இல், கமல்ஹாசனை மக்கள் பார்த்தது ‘பம்மல் கே. சம்பந்தம்’, ‘பஞ்சதந்திரம்’ என்ற இரண்டு நகைச்சுவைப் படங்களில். இயக்குநர் சுந்தர் சி.யின் பெயர் ‘உள்ளத்தை அள்ளித்தா’ காலத்திலிருந்தே சிரிப்புக்கு உத்தரவாதம். பண்டிகை நாள் வேறு. படமும் அந்த வாக்கைக் காப்பாற்றுவது போலத்தான் தொடங்குகிறது: புவனேஸ்வர் விமான நிலையம், மழை, ரத்தான விமானம், ஒட்டாத இரண்டு பேர், ஒருவர் மற்றவரைத் தீவிரவாதி என்று சந்தேகிக்கும் கூத்து. அந்தச் சிரிப்பின் மேல்தான் பிறகு வீதி நாடகம், தொழிற்சங்கம், ரயில் விபத்து, காப்பாற்ற முயன்ற சிறுவனின் சாவு எல்லாம் வந்து விழுகின்றன. சிரிக்கத் தயாராக வந்த கூட்டத்துக்கு ஒவ்வொன்றும் தடம் மாறியதாகவே பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் தொலைக்காட்சியில் போட்டுப் போட்டு அதே படம் பலருக்கும் பிரியமான படமானது. வீட்டில் பார்த்தவருக்கு அது பொங்கல் படமும் இல்லை, ‘பஞ்சதந்திர’த்துக்கு அடுத்த படமும் இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை: படம் தோற்றதற்கு எதிர்பார்ப்பு ஒன்றுதான் காரணம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. போட்டிப் படங்கள், படத்தின் அரசியல், செலவு என்று எத்தனையோ இருக்கும். ஒரே படத்தை இரண்டு விதமாக விளம்பரம் செய்து வெளியிட்டுப் பார்த்தால்தான் அது தெரியும். அப்படி யாரும் செய்வதில்லை. நான் சொல்வது, வகை மாறிப்போன அனுபவம் எப்படி இருக்கும் என்பதற்கு அது பொருத்தமான படம் என்பது மட்டும்தான்.

நம் சினிமாவுக்கே உரிய இன்னொரு பொறி இடைவேளை. வெளியிலிருந்து கொண்டுபோன எதிர்பார்ப்பு, நல்ல படத்தில் முதல் அரை மணி நேரத்துக்குள் மங்கிவிடும். பிறகு படமே தன் எதிர்பார்ப்பை உண்டாக்கத் தொடங்கும். இது ஆய்வு முடிவில்லை, நடைமுறைக் கணிப்புதான். அப்படி உண்டான எதிர்பார்ப்பின் உச்சியில் கதையை நிறுத்தி விளக்கைப் போடுகிறோம். பதினைந்து நிமிடம் பாப்கார்ன் வரிசையில் நின்று ‘ஃபர்ஸ்ட் ஹாஃப் செம’ என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். அந்தத் தீர்ப்புதான் இரண்டாம் பாதிக்கான அளவுகோல். முதல் பாதி கேள்விகளைத் திறக்கும் பாதி. திறப்பதற்குச் செலவு குறைவு. எந்த மர்மமும் திறந்த நிலையில் கவர்ச்சியாகவே இருக்கும். இரண்டாம் பாதி அத்தனையையும் மூட வேண்டும், மூடும் ஒவ்வொரு பதிலும் நாம் இடைவேளையில் கற்பனை செய்த பதிலோடு போட்டியிட வேண்டும். தமிழில் ‘செகண்ட் ஹாஃப் சொதப்பல்’ என்ற புகார் இவ்வளவு சகஜமாக இருப்பதற்கு எழுத்தின் பலவீனம் ஒரு காரணம் என்றால் இந்த அமைப்பு இன்னொரு காரணம். எழுதுபவர்கள் இடைவேளைக் காட்சியை மாதக்கணக்கில் செதுக்குகிறார்கள். அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில் எதிர்பார்ப்பை எப்படித் திசைதிருப்புவது என்பதற்கு அதில் பாதி உழைப்பு போவதில்லை. முதல் பாதியில் காட்டுப் பயணச் சாகசமாகவும் இரண்டாம் பாதியில் எஞ்சிய சோழர்களின் துயரமாகவும் பிரிந்து நின்ற ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2010இல் பலரைக் குழப்பியதற்கும், பின்னர் கொண்டாடப்பட்டதற்கும் இந்தக் கோணத்தில் விளக்கம் தேடலாம்.

எதிர்பார்ப்பின் தலையில் நாம் சுமத்தும் பலவற்றுக்கு அது காரணமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் பாகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படத்துக்கும் இரண்டாம் பாகம் வருவதில்லை; எல்லாம் கூடிவந்து அசாதாரணமாக அமைந்த படத்துக்குத்தான் வரும். அந்த அதிர்ஷ்டத்தில் ஒரு பங்கு மறுமுறை கூடாது. ஆகவே யாருமே எதையுமே எதிர்பார்க்காவிட்டாலும் இரண்டாம் பாகங்கள் சராசரியில் முதலைவிட ஒரு படி கீழேதான் நிற்கும். புள்ளியியலில் இது சாதாரண விஷயம், சினிமாப் பேச்சில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் ஓடிடி அனுபவத்திலும் இப்படிச் சில விஷயங்கள் கலந்திருக்கின்றன. டிக்கெட், பார்க்கிங் செலவில்லை; பாட்டு வந்தால் ஓட்டிவிடலாம்; பிடிக்காவிட்டால் இருபது நிமிடத்தில் அணைத்துவிடலாம். அணைத்தவர்கள் யாரும் ‘நன்றாகத்தானே இருக்கிறது’ என்று எழுத வருவதில்லை, முழுக்கப் பார்த்தவர்கள்தான் எழுதுகிறார்கள். கூட்டமும் இல்லை. 2014இல் எரிக்கா பூத்பி குழுவினர் செய்த சாக்லேட் சோதனையில், இன்னொருவரோடு ஒரே நேரத்தில் சாப்பிட்டபோது இனித்த சாக்லேட் கூடுதலாகப் பிடித்தது, கசந்த சாக்லேட் கூடுதலாகப் பிடிக்காமல் போனது. முதல் நாள் முதல் காட்சியின் அரங்கம் இரு பக்கமும் பெருக்கும் கருவி. அங்கே பிடித்த படம் பத்து மடங்கு பிடிக்கும், சொதப்பிய காட்சி பத்து மடங்கு சொதப்பும்.

முதல் நாள் பேச்சு வந்ததால் ஒன்று. 2023 பொங்கலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களின் அதிகாலைக் காட்சிகள் நின்று, முதல் காட்சி காலை 9 மணி என்றானது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் அதற்கு முன்பே திரையிட்டுவிடுகிறார்கள். ஆகவே சென்னையில் இருக்கையில் உட்காரும்போதே இடைவேளை வரைக்குமான தீர்ப்பு கைப்பேசியில் வந்திருக்கும். பீர் ஆய்வின் மொழியில் சொன்னால், வினிகர் விஷயம் குடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இவ்வளவு தெரிந்தும் தயாரிப்புத் தரப்பு ஏன் எதிர்பார்ப்பை ஏற்றிக்கொண்டே போகிறது என்று கேட்பீர்கள். எம்.ஜி. (மினிமம் கேரண்டி, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தயாரிப்பாளருக்கு முன்பே தரும் உறுதித்தொகை) கொடுத்துப் படம் வாங்கியவருக்கு முதல் மூன்று நான்கு நாள் ஓப்பனிங்தான் முதலைத் திருப்பித் தரும். அதற்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். அதன் விலை திங்கட்கிழமை தெரியும். பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி 1982 முதல் 2000 வரையான அமெரிக்க வசூல் கணக்குகளை வைத்து இதை அளந்தார். எத்தனை திரைகளில் வெளியிடுகிறார்கள் என்பதைச் சந்தையின் எதிர்பார்ப்பாக எடுத்துக்கொண்டார். எதிர்பார்த்ததைவிட அதிகம் வசூலித்த படங்கள் அடுத்தடுத்த வாரங்களில் மெதுவாகச் சரிந்தன, குறைந்தவை வேகமாகச் சரிந்தன. நம் ஊரில் ‘மவுத் டாக்’ என்று சொல்வதன் கணக்கு இதுதான். மக்களுக்கு ஏற்கெனவே நன்கு தெரிந்த சரக்கான இரண்டாம் பாகங்களில் இந்த விளைவு குறைவாக இருந்தது.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட பிரித்தெடுக்கும் வேலை. படத்துக்குப் போகுமுன் ஒரே ஒரு வரி எழுதிவையுங்கள்: ‘இது என்ன வகைப் படம் என்று நினைக்கிறேன், ஏன்’. பார்த்து முடித்ததும், யாரிடமும் பேசுவதற்கு முன், கைப்பேசியைத் திறப்பதற்கு முன், மூன்றைக் குறியுங்கள். தானாக நினைவுக்கு வரும் ஒரு காட்சி. கவனம் சிதறிய இடம், எந்தக் காட்சி என்று துல்லியமாக. அந்த இடத்தில் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தீர்கள் என்பது. மூன்றாவதைத் தவிர்க்காதீர்கள், பிரித்தெடுக்க உதவுவது அதுதான். பிறகு உங்கள் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: டிரெய்லரே பார்க்காத, நடிகர் யாரென்றே தெரியாத ஒருவர் இந்தக் குறையைச் சொல்வாரா? ‘இவருக்கு ஒரு மாஸ் சீன்கூட இல்லை’ என்பதை அவர் சொல்ல மாட்டார். அது போஸ்டர் போட்ட வாக்கு. ‘அண்ணனைக் கொன்றவனைத் தேடுவதாகத் தொடங்கிவிட்டு, நடுவில் அந்தத் தேடலையே மறந்துவிட்டார்கள்’ என்பதை நிச்சயம் சொல்வார். அது படமே போட்ட வாக்கு, அதை மீறினால் பழி படத்துக்குத்தான். இந்த இரண்டையும் கலப்பதுதான் பொதுவாக நடக்கும் பிழை. ரசிகர்கள் படமே மீறிய வாக்கைக்கூட ‘நீ தவறான எதிர்பார்ப்போடு போனாய்’ என்று மூடுவார்கள். வெறுப்பவர்கள் போஸ்டர் வாக்கைப் படத்தின் ஓட்டையாகக் காட்டுவார்கள். எந்தப் பக்கமும் சேராத குறைகளும் மிஞ்சும். அவற்றைச் சில மாதம் தள்ளி இரண்டாம் முறை பார்க்கும்வரை தீர்மானிக்காமல் விடுவதே சரி.

இரண்டாம் பார்வையும் கலப்படமில்லாத உண்மை என்று சொல்ல முடியாது. 1967இல் ‘பானி அண்ட் கிளைட்’ படத்தை ‘நியூஸ்வீக்’ இதழின் ஜோ மார்கன்ஸ்டர்ன் கடுமையாகத் தாக்கினார். மறுபடி பொது ரசிகர்களோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வாரமே தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்று எழுதினார். நேர்மையான செயல். ஆனால் முதல்முறை அவரைத் தள்ளியது எதிர்பார்ப்பு என்றால், இரண்டாம்முறை இழுத்ததில் அந்தக் கூட்டத்தின் ஆரவாரத்துக்கும் பங்கில்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஒரு தலையின் தீர்ப்பைவிட, வெவ்வேறு எதிர்பார்ப்புகளோடு வந்த பல தலைகள் காலம் தள்ளியும் ஒத்துப்போகிறார்களா என்பது நம்பகமான அளவு. இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘லாவென்ச்சுரா’வை 1960 கான் விழாவில் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள்; 1962இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அது இரண்டாம் இடம் பிடித்தது. இதைக் காட்டி, விழுந்த எல்லாப் படத்துக்கும் ‘காலம் கடந்து கொண்டாடுவார்கள்’ என்று எழுதுவதை ஏற்க முடியாது. தோற்ற படங்களில் மிகப் பெரும்பாலானவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் நல்ல படம் என்று ஒன்று உண்டா? நேரான பதில் இசையை வைத்துச் செய்த ஒரு சோதனையில் கிடைக்கிறது. 2006இல் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் மூவரும் 14,000க்கும் மேற்பட்டவர்களிடம் அதுவரை கேட்டிராத 48 பாடல்களைக் கொடுத்தார்கள். சிலருக்கு வெறும் பாடல்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் எதை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதையும் காட்டினார்கள். கூட்டத்துக்குக் கூட்டம் வெற்றி பெற்ற பாடல் மாறியது. ஆனால் தனியாகக் கேட்டவர்கள் மிகவும் விரும்பிய பாடல்கள் எங்கும் அடிமட்டத்துக்குப் போனது அரிது, அவர்கள் ஒதுக்கியவை உச்சிக்கு வந்ததும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடந்தது. படங்களுக்கும் இதே வடிவம் பொருந்தும் என்பது என் ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். மிக நல்லதையும் மிக மோசமானதையும் எதிர்பார்ப்பால் முழுக்கப் புரட்ட முடியாது. நாம் வாராவாரம் சண்டை போடுவதெல்லாம் நடுவில் கிடக்கும் படங்களைப் பற்றி. அங்கே முதல் நாள் காற்று எந்தப் பக்கம் வீசியதோ அந்தப் பக்கம் தீர்ப்பு சாயும். உங்கள் இரண்டு படங்களும் அந்த நடுப்பகுதியைச் சேர்ந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உங்கள் ரசனையைச் சந்தேகிக்க இதில் ஒன்றுமில்லை.

விமர்சனங்களைப் படிப்பதாக இருந்தால் பார்த்த பிறகு படியுங்கள், அப்போதுதான் அவை உங்கள் அனுபவத்தோடு வாதாடும். முன்பே ஏதாவது தெரிந்துதான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாரையும் மார்க்கையும் விட்டுவிட்டு என்ன வகை, எவ்வளவு நீளம், எந்த வேகம் என்பதை மட்டும் கேளுங்கள். நண்பருக்குப் பரிந்துரைக்கும்போதும் அப்படியே. ‘மாஸ்டர்பீஸ், மிஸ் பண்ணாதே’ என்பது அளவை மட்டும் ஏற்றிவிடும். ‘சிரிப்பாகத் தொடங்கும், நடுவில் கனத்துவிடும், சண்டை கிடையாது, இரண்டே முக்கால் மணி நேரம், இரவு தூக்கத்தோடு போடாதே’ என்று சொன்னால் கதையும் உடையாது, அவர் சரியான வகைப் படத்துக்குத் தயாராகவும் உட்காருவார்.